தறி நிற்கும் நேரத்தில் பேசுங்கள்: சேலத்தில் சமுதாய வானொலி நடத்திக் கற்றவை

ஒரு சிறு வட்டாரத்துக்காக லாப நோக்கில்லாமல் நடக்கும் சமுதாய வானொலியைத் தொடங்க அனுமதி கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது நிகழ்ச்சி நிரலைத்தான். ஒலிபரப்புக் கருவி, ஒலிப்பதிவு அறை எல்லாம் அப்புறம். அவர்கள் நீட்டும் தாளில் பெரும்பாலும் காலை 7 முதல் 11 வரை ஒரு ஆர்ஜே, 11 முதல் 2 வரை இன்னொரு ஆர்ஜே, நடுநடுவே சினிமாப் பாட்டு, சாயங்காலம் நேயர் விருப்பம் என்று இருக்கும். தனியார் எஃப்எம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் போடும் நிரல் அது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் காதில் விழுந்த வானொலி அதுதான். ஆனால் விளம்பரத்துக்காக நடக்காத ஒரு நிலையத்துக்கு அந்த வடிவம் பொருந்தாது. சேலத்தில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் பல ஆண்டுகள் நிகழ்ச்சிப் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

தனியார் நிலையத்தில் ஒரு மணி நேரத்தைக் கடிகார வட்டமாக வரைந்து, இத்தனை பாட்டு, இத்தனை நிமிடம் பேச்சு, இந்த இடத்தில் விளம்பரம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். நாள் முழுக்க அதே வட்டம்தான் சுற்றும். எப்போது திருப்பினாலும் நிலையம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், கேட்பவர் அடுத்த விளம்பரம் வரை நகரக் கூடாது. அந்தத் தொழிலுக்கு அது சரியான வழி.

வணிக நோக்கில்லாத நிலையங்கள் நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1945லேயே எஃப்எம் வரிசையின் கீழ்ப்பகுதியைக் கல்வி சார்ந்த நிலையங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை இன்றும் அவர்களுக்குத்தான். 1949இல் பெர்க்லியில் தொடங்கிய கேபிஎஃப்ஏ, நேயர்கள் அனுப்பும் பணத்தில் நடந்த நிலையம். அங்கே ஒரு கட்டம் விவாதம், ஒரு கட்டம் நாடகம், ஒரு கட்டம் வேறெங்கும் கேட்காத இசை என்று நாள் போகும். நம் ஆகாசவாணியும் அப்படி வளர்ந்ததுதான். திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு 1960களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லுக்கு மாறினார்கள், ஊரில் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்துவிட்டது. விவசாயி வீட்டில் உட்காரும் நேரத்தில் விவசாயத்தைப் பற்றிப் பேசினார்கள். நாள் முழுக்க எல்லோருக்கும் பொதுவாகப் பேசியிருந்தால் அந்த நெல் அவ்வளவு தூரம் போயிருக்காது.

இந்தியாவில் சமுதாய வானொலி நடத்தக் கல்வி நிறுவனங்களுக்கு 2002இல் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை என்ற நிலையம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களின் நாள் வேறு, சேலத்துக்காரர்களின் நாள் வேறு. ஆகவே நிரலையும் அந்தந்த ஊரில் போய்த்தான் எழுத வேண்டும்.

வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள்

நிரல் போடும் முன்பு நாங்கள் செய்த முக்கியமான வேலை, மக்கள் வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்தது. கேள்வித்தாள் கொடுத்து 'எந்த நிகழ்ச்சி பிடிக்கும்' என்று கேட்டால் எல்லோரும் 'பாட்டு' என்றுதான் எழுதுவார்கள். உட்கார்ந்து பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும்.

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆனாலும் சுவரில் ஆணியில் ஒரு ரேடியோ தொங்கிக்கொண்டு பாடும். இவ்வளவு சத்தத்தில் என்ன அண்ணா கேட்கும் என்று தறி ஓட்டுபவரிடம் கேட்டேன். "தெரிஞ்ச பாட்டுன்னா பாதி காதுல விழுந்தாப் போதும், மீதிய மனசே பாடிக்கும். நீங்க பேசறதுதான் ஒண்ணும் புரியறதில்லைங்க" என்றார். தறி ஓடும் நேரத்தில் என்ன பேசினாலும் வீண் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. புதுப்பாட்டுகூட அங்கே எடுபடாது. பழகிய பாட்டு மட்டுமே வேண்டும்.

அதே நெசவாளர் வீட்டில் தார் சுற்றும், அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்றும் பெண்களின் நிலைமை வேறு. அவர்களுக்குப் பேச்சு நன்றாகக் கேட்கும். இன்னும் ஒரு படி மேலே போனால் பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீடுகளில் நடக்கும் வெள்ளிக் கொலுசு வேலை. தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சின்னச் சின்ன வளையங்களைக் கோத்துப் பற்றவைக்கும் வேலை. ஒரு பாட்டி சொன்னார்: "கையும் கண்ணும்தான் வேலை செய்யுது கண்ணு, காது சும்மாதான் இருக்குது." நாடகத் தொடர், மருத்துவர் பேட்டி, பட்டா மாற்றம் பற்றிய விளக்கம் என்று நாங்கள் தயாரித்த கனமான நிகழ்ச்சிகளுக்கு உண்மையான நேயர்கள் அவர்கள்தான். காலை 11 முதல் மதியம் 1 வரையும், சாப்பாட்டுக்குப் பிறகு 3 முதல் 5 வரையும் கொலுசு வீடுகளுக்கான கட்டமாக ஒதுக்கினோம். தனியார் நிலையங்களில் பேச்சுக்கு மிகக் குறைவாக இடம் தரும் நேரம் அது. எங்களுக்கு அதுவே பேச்சு நேரம் ஆனது.

தறிக்கூடத்துக்காரர்களை எப்போது பிடிப்பது? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தும் நாளில். அன்றைக்குத் தறி நிற்கும், கூடம் அமைதியாகிவிடும், ஆட்கள் வாசலில் உட்கார்ந்து ஃபோனில் எஃப்எம் கேட்பார்கள். எந்தப் பகுதிக்கு என்றைக்கு மின்தடை என்பது முன்கூட்டியே வெளிவந்துவிடும். அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்து, நெசவாளர் நலவாரியம், காது பரிசோதனை, பிள்ளைகளின் உதவித்தொகை போன்ற நிகழ்ச்சிகளை அந்த நாட்களில் போட்டோம். என் அனுபவத்தில் ஃபோன் அழைப்பு அதிகம் வந்ததும் அப்போதுதான்.

அன்றைக்கு நம் நிலையத்துக்கும் மின்சாரம் போகலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் சமுதாய வானொலியின் ஒலிபரப்புக் கருவி வழக்கமாக 50 வாட்தான், ஆன்டெனாவோடு சேர்த்து வெளிப்படும் திறன் 100 வாட். இதற்கும் ஒரு கணினிக்கும் நல்ல இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். மின்சாரத்தை விழுங்குவது அறையின் ஏசி. ஏசியைத் தனி இணைப்பில் வைத்துவிட்டால் மின்தடையிலும் ஒலிபரப்பைத் தொடரலாம். அப்புறம், ஃபோனில் எஃப்எம் கேட்க இயர்ஃபோன் வயர்தான் ஆன்டெனா. வயர் சொருகாமல் 'உங்க ஸ்டேஷன் வரலை' என்று அழைப்பவர்கள் நிறைய. இதையே ஒரு சின்ன அறிவிப்பாகப் பதிவு செய்து அவ்வப்போது போடுங்கள்.

மறுஒலிபரப்பு பற்றி

சிறிய நிலையத்தில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். நாள் முழுக்கப் புதிய நிகழ்ச்சி தருவேன் என்று நின்றால் சில வாரங்களில் ஆள் களைத்துவிடுவார், தரம் இறங்கும், கடைசியில் பாட்டை ஓடவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் நல்ல புது நிகழ்ச்சி இருந்தால் போதும். அதை நேரம் மாற்றி மூன்று முறை போடுங்கள். பகல் ஷிப்ட் ஆளுக்கு இரவில், இரவு ஷிப்ட் ஆளுக்குக் காலையில். அதையே இரண்டு முறை கேட்கிறவர்கள் குறைவு, கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. கர்ப்பகாலச் சாப்பாடு பற்றிய ஒரு நிகழ்ச்சியை மறுபடி போடச் சொல்லி நேயர்களே கேட்டிருக்கிறார்கள். மறுஒலிபரப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எந்த நேரத்தில் மறுபடி வரும் என்பதையும் முடிவில் சொல்லுங்கள். கையில் பேனா இல்லாதவர் அதற்குள் பேனாவோடு உட்காருவார்.

செய்தி விஷயத்தில் விதி கண்டிப்பானது. சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். ஆனால் மின்தடை, குடிநீர், போக்குவரத்து, வானிலை போன்ற அறிவிப்புகளுக்குத் தடையில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் எந்த ரோட்டில் வண்டி விட மாட்டார்கள் என்று அரை மணிக்கு ஒருமுறை சொல்வது, என்னைக் கேட்டால், அந்த வாரத்தின் மிக முக்கியமான நிகழ்ச்சி.

மைக்கைப் பார்த்ததும் மாறும் பேச்சு

நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டீ குடிக்கும்போது அழகாகப் பேசுகிறவர், மைக்கைப் பார்த்ததும் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார். 'அண்ணா, வீட்ல பேசற மாதிரியே பேசுங்க' என்று சொன்னால் இன்னும் விறைப்பார். நான் கண்ட வழி, பதிவு செய்யப் போவதை முன்பே சொல்லிவிட்டு, டீயிலிருந்தே பதிவை ஓடவிடுவது. முதல் கேள்வி அவர் கையில் இருக்கும் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். கொலுசு செய்பவரிடம், இது எந்த ஊருக்குப் போகும் மாடல் என்று கேட்டால் போதும், மேடைத் தமிழ் தானாக இறங்கிவிடும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பேட்டி முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இரண்டு துண்டுக்கு நடுவே இடைவெளி தெரியாமல் இருக்க அது உதவும்.

நிபுணரை மட்டும் தனியே பேசவிடாதீர்கள். காபிச் செடியின் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தோம். நிபுணர், நிழல் குறையக் கூடாது, தண்டின் மேல் உரிந்து நிற்கும் பட்டையைத் தேய்த்து எடுக்க வேண்டும், தாக்கிய செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னார். பக்கத்தில் ஏற்காட்டுச் சிறு விவசாயி ஒருவரை உட்கார வைத்திருந்தோம். அவர் கேட்டார்: "சார், எந்த மாசத்துல தேய்க்கணும்ங்க?" அதற்குப் பிறகுதான் அந்த வண்டு ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபருக்குப் பிறகும் பறந்து முட்டை வைக்கும், அதற்கு முன்னால் தேய்த்துவிட வேண்டும் என்ற பதில் வந்தது. அந்தக் கேள்வி எங்கள் ஆர்ஜேவுக்குத் தோன்றியிருக்காது. தோட்டத்தில் கூலி கொடுத்து ஆள் வைக்கிறவருக்குத்தான் தோன்றும்.

மலைக்கு அலை ஏறாது

எஃப்எம் அலை கண்ணுக்கு எட்டும் கோட்டில் போகும் அலை. விதிப்படி கோபுரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சமவெளியில் நல்ல நிலையம் 10 கிலோமீட்டர் தூரம் வரை கேட்டால் சந்தோஷம். சேலத்தைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் நிற்பதால் ஒரு தெருவில் தெளிவாகக் கேட்பது அடுத்த தெருவில் இரைச்சலாக இருக்கும்.

ஆகவே காகிதத்தில் வட்டம் போட்டு 'இதுதான் நம் எல்லை' என்று நம்பாதீர்கள். ஒரு சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஏற்காடு மலைப்பாதை இதற்கு ரொம்ப வசதி. 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், எந்த வளைவில் கேட்கிறது, எதில் போகிறது என்று எண்ணோடு குறித்துவிடலாம். மலை மேல் சேலத்தைப் பார்த்து நிற்கும் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் எங்கள் நிலையம் கண்ணாடி மாதிரி கேட்கும். ஏரியைத் தாண்டி நாகலூர், வாழவந்தி பக்கம் போனால் ஒன்றுமே இருக்காது. நடுவில் மலையின் முதுகு மறைக்கிறது. இன்னொன்றும் நடக்கும். சமுதாய வானொலிகளுக்கு 90.4, 90.8, 107.8 என்று குறிப்பிட்ட சில எண்களையே பல ஊர்களுக்கும் கொடுக்கிறார்கள். உயரத்தில் நின்றால் தூரத்து ஊர் நிலையமும் அதே எண்ணில் எட்டும். எஃப்எம்மில் இரண்டு அலை மோதினால் வலுவான ஒன்று மற்றதை முழுக்க அமுக்கிவிடும். ஆகவே நம் நிலையத்தைத் திருப்பியவருக்கு வேறு ஊர்க் குரல் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அலை போகாத ஊருக்கு நிகழ்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். வானொலி என்றால் கோபுரம் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதை மதிப்பதில்லை, எனக்கு இது மிகவும் பிடித்த வேலை. நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். பறிக்கும் பெண்கள் பாட்டையும் பேச்சையும் ஃபோனில் ஏற்றி வைத்துக் கேட்கிறார்கள். 8 முதல் 10 நிமிடத்துக்குள் முடியும் நிகழ்ச்சிகளாக வெட்டி, டீக்கடையிலும் சுய உதவிக் குழுக் கூட்டத்திலும் ஃபோனுக்கு ஃபோன் மாற்றிக் கொடுத்தோம். கூட்டத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, முடிந்ததும் அவர்களைப் பேசவிட்டு, அந்தப் பேச்சையும் பதிவு செய்தோம். அடுத்த நிகழ்ச்சிக்கான சரக்கு அதிலிருந்தே கிடைத்தது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள். பெயர் அப்படியே தவிர பேசுவது தமிழ்தான். அவர்களிடம் சாமை, தினை விதைப்புப் பாட்டு, கல்யாணப் பாட்டு, மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவில் பாடுவது என்று நிறைய இருக்கிறது. போனதும் மைக்கை நீட்டாதீர்கள். ஊர்ப் பெரியவரிடம் சொல்லி, எந்தப் பாட்டை வெளியே போடலாம், எதைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சாமி பாட்டுகளைக் கோவிலுக்கு வெளியே பாட மாட்டார்கள், அதை வற்புறுத்திக் கேட்பது தவறு. பதிவின் ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஒலிபரப்பில் 'மலைவாழ் மக்கள் பாட்டு' என்று பொதுவாகச் சொல்லாமல், பாடியவர் சம்மதித்தால் பெயரும் ஊரும் சொல்லுங்கள். கொளகூர்க்காரர் பாடினால் கொளகூர் என்று சொல்ல வேண்டும்.

காசு

சமுதாய வானொலிக்கும் விளம்பரம் உண்டு. 2024இல் மணிக்கு 12 நிமிடம் வரை என்று உயர்த்தியிருக்கிறார்கள், அதற்கு முன்பு 7 நிமிடம். இது நல்ல செய்திதான், மின்கட்டணமும் சம்பளமும் கொடுக்க வேண்டுமே. ஆனால் 12 நிமிடத்தையும் நிரப்பப் போனால் நிரல் மறுபடியும் பழைய கடிகார வட்டத்துக்குத் திரும்பிவிடும். ஒருமுறை ஒரு துணிக்கடைக்காரர், ஆர்ஜே தன் சொந்த அனுபவம் மாதிரி கடையைப் புகழ வேண்டும் என்று கேட்டார். மறுத்துவிட்டோம், பணமும் போயிற்று. அமெரிக்காவில் வணிக நோக்கில்லாத நிலையங்களில் ஆதரவு தருபவரின் பெயர், இடம், என்ன தொழில் என்று சொல்லலாம், ஆனால் வாங்குங்கள், வாருங்கள் என்று அழைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை என்றாலும் நாங்களே அதை எடுத்துக்கொண்டோம். 'இந்த நிகழ்ச்சிக்கு ஆதரவு தருபவர்கள், செவ்வாப்பேட்டையில் இன்ன கடை' என்று முடித்துவிடுவோம். மருத்துவ நிகழ்ச்சிக்கு மருந்துக்கடை ஆதரவு வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

செலவில் பலர் கவனிக்காதது சினிமாப் பாட்டு. அதை ஒலிபரப்ப உரிமைத் தொகை கட்ட வேண்டும். நாங்களே பதிவு செய்த தெருக்கூத்து, கும்மி, பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு ஆகியவற்றுக்கு அந்தச் செலவு இல்லை. பாடியவருக்கு நாமே மரியாதையாக ஒரு தொகை கொடுத்துவிடலாம். ஒலிபரப்பில் குறைந்தது பாதி உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதனால் தானாக நிறைவேறிவிடும்.

ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பல நிலையங்கள் மூன்று மாதம் முடிந்ததும் இடம் போதவில்லை என்று அழித்துவிடுகின்றன. பாட்டையும் ஆர்ஜே பேச்சையும் அழியுங்கள், ஊர்க்காரர் குரலை மட்டும் அழிக்காதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை நிலையத்திலும் ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, ஊர், பேசியவரின் தொழில், எதைப் பற்றி என்ற நான்கும் இருக்கட்டும். தேடுகிறவர் பத்து வருடம் கழித்து வருகிற புதுப் பிள்ளையாக இருக்கலாம், அவருக்கு 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்த கோப்பிலிருந்து ஒன்றும் புரியாது.